ஒன்றரை அடிச் சொற்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் சொல் ஆராய்ச்சிப் பகுதியில் 'செஸ்க்விபிடேலியன்' என்ற ஆங்கில உரிச்சொல்லை எடுத்துக்கொண்டதற்கு மிக்க நன்றி. நீளமான சொற்களையும், அவற்றை விரும்பிக் கையாளும் நடையையும் குறிப்பது அது என்ற விளக்கம் சரியே. ஆனால், பண்டிதர்களைக் கேலி செய்வதற்காக ரோமானியக் கவிஞர் ஹொரேஸ் புனைந்த சொல் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை.

லத்தீனில் 'செமிஸ்' என்றால் அரை. 'க்வே' என்பது நம் 'உம்'. இரண்டும் சேர்ந்து மருவியதே 'செஸ்க்வி'. 'அரையும்' என்றாலே அங்கே ஒன்றரை என்று பொருள். 150ஆம் ஆண்டு விழாவை ஆங்கிலத்தில் செஸ்க்விசென்டெனியல் என்பது இதனால்தான். 'பேஸ்' என்பது பாதம். சைக்கிள் பெடலில் இருப்பதும் அதுவே. ஆக, 'செஸ்க்விபெடாலிஸ்' என்றால் ஒன்றரை அடி அளவுள்ளது.

ஹொரேஸ் இதைப் புனையவில்லை. கி.மு. 55இல் ரைன் நதியின் குறுக்கே பாலம் கட்டியதை விவரிக்கும் ஜூலியஸ் சீசர், ஒன்றரை அடி கனமுள்ள மரங்களை இதே சொல்லால்தான் குறிக்கிறார். ரோமானிய அடி சுமார் 29.6 செ.மீ.; அப்படியானால் ஒவ்வொரு மரமும் ஏறத்தாழ 44 செ.மீ. கனம். கட்டுமான வேலைக்கான அளவுச் சொல் இது.

அந்த அளவைப் பேச்சின் மேல் ஏற்றியதுதான் ஹொரேஸின் திறமை. 'கவிதைக் கலை' என்ற தம் செய்யுள் நூலில் அவர் துன்பியல் நாடகத்தைப் பற்றிப் பேசும் இடம் அது. கிரேக்கப் புராண நாயகர்களான டெலிஃபஸும் பீலியஸும் ஏழைகளாக, நாடிழந்தவர்களாக மேடையில் நிற்கும்போது, பார்ப்பவர் நெஞ்சைத் தங்கள் முறையீடு தொட வேண்டுமென்றால், ஆடம்பரப் பேச்சையும் ஒன்றரை அடிச் சொற்களையும் வீசி எறிந்துவிடுவார்கள் என்கிறார். பண்டிதர் எவரும் அங்கே இல்லை. துயரப்படுகிறவன் எப்படிப் பேசுவான் என்பதே கேள்வி. இரண்டு வரிக்கு முன்னால், அவன் 'பெடெஸ்ட்ரிஸ்' மொழியில், அதாவது காலால் நடக்கிறவனின் எளிய பேச்சில் புலம்புவான் என்கிறார். அங்கும் அதே பாதம்! சாதாரண நடையில் போகும் பேச்சுக்கு எதிரே ஒன்றரை அடிச் சொற்களை நிறுத்தியிருக்கிறார். எவ்வளவு அழகான அமைப்பு! கட்டுரை இதைத் தொடாமல் போனதில்தான் எனக்கு வருத்தம்.

17ஆம் நூற்றாண்டில் இச்சொல் ஆங்கிலத்துக்கு வந்தது. இன்று அதில் ஒட்டியிருக்கும் கேலியை வைத்து ஹொரேஸை அளக்கக் கூடாது. அடுத்த இதழில் அவருடைய அந்த நான்கு வரிகளையும் முழுமையாகத் தமிழில் தந்து, இத்திருத்தத்தையும் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
கும்பகோணம்.