பொம்மை ஒன்று அல்ல, பத்து

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரெனே ஜிரார் பற்றி வந்த கட்டுரையில் ஒரு வரி: “ஒரே பொருளுக்கு இருவர் போட்டியிடுவதால் பகை பிறக்கிறது என்று கண்டுபிடித்தார் ஜிரார்.” இதைக் கண்டுபிடிக்க ஜிரார் எதற்கு? 1651இலேயே ஆங்கிலேய மெய்யியலாளர் ஹாப்ஸ் எழுதிவிட்டார். அவரும் வேண்டாம், பங்காளிச் சண்டையை ஒருமுறை பார்த்த எவரும் சொல்வார்.

ஜிரார் 1961இல் தம் முதல் நூலில் கேட்டது அதற்கு முந்தைய கேள்வி: இருவருக்கும் அதே பொருள்மீது ஆசை வந்தது எப்படி? ஆசைப்படுகிறவன், பொருள், இவற்றோடு முன்மாதிரியாக இன்னொருவன் என மூன்று முனை. அந்த இன்னொருவன் விரும்புவதைப் பார்த்துத்தான் இவனுக்கு ஆசை வருகிறது. பசிக்கும் தாகத்துக்கும் முன்மாதிரி தேவையில்லை. அவற்றை அவர் ஆசையோடு சேர்க்கவுமில்லை. உங்கள் கட்டுரையாளர் மூன்று பத்திகளுக்குச் சேர்த்துப் பிசைந்திருக்கிறார்.

கட்டுரைக்குப் போட்ட படம் இன்னும் மோசம். இரண்டு குழந்தைகள், நடுவில் ஒரே ஒரு பொம்மை. அது வெறும் பற்றாக்குறை. ஓவியரிடம் பத்து பொம்மைகள் கேட்டிருக்க வேண்டும், பத்தும் ஒரே அச்சில் வார்த்தவை. ஒரு குழந்தை ஒன்றை எடுத்ததும் மற்றது மீதி ஒன்பதையும் விட்டுவிட்டு அதற்கே கை நீட்டும். அதுவரை ஏனோதானோவென்று பிடித்திருந்த முதல் குழந்தை அப்போதுதான் அதை மார்போடு அணைத்துக்கொள்ளும். கவனிக்க வேண்டியது இந்த இரண்டாவது அசைவை. தன்னைப் பார்த்து ஆசைப்பட்டவனைப் பார்த்து, முன்மாதிரிக்கும் ஆசை கூடுகிறது. இப்படி நாலு சுற்று போனால் பொம்மை கீழே விழுந்து உடைந்ததுகூட இருவருக்கும் தெரியாது. எஞ்சுவது சண்டை மட்டும்.

ஜிரார் எடுத்துக்காட்டும் பிரெஞ்சு எழுத்தாளர் ஸ்தாந்தாலின் ‘சிவப்பும் கறுப்பும்’ நாவலில் (1830) நகர மேயர் ரெனால் தம் பிள்ளைகளுக்கு ஜூலியன் என்ற இளைஞனை ஆசிரியராக அமர்த்தத் துடிப்பது எதிராளி வலெனோ முந்திக்கொள்வானோ என்ற பயத்தால். வலெனோவுக்கோ அப்போது அந்த எண்ணமே இல்லை. ஜூலியனின் தந்தை, வேறிடத்தில் இதைவிட நன்றாகக் கிடைக்கும் என்கிறார், சம்பளம் ஏறுகிறது. பிறகு வலெனோவும் ஜூலியனுக்கு வலை வீசுகிறான். பேராசை, பொறாமை என்று இரண்டு சொல்லில் இதை முடித்துவிட முடியுமா? கட்டுரை முடித்துவிட்டது. போதாதற்கு, ‘போலச்செய்தல்’ என்ற நல்ல சொல் தமிழ்த் திறனாய்வில் புழங்கிக்கொண்டிருக்க, ‘காப்பியடித்தல்’ என்று எழுதுகிறார். தேர்வில் காப்பியடிப்பவனுக்குத் தான் செய்வது தெரியும். இங்கே ஆசைப்படுகிறவன் ‘இது என் சொந்த ஆசை’ என்று சத்தியம் செய்வான்.

கட்டுரையாளரை மட்டும் சொல்லிப் பயனில்லை. குழந்தை வளர்ப்புத் தொடரில் “முன்மாதிரி நல்லவராக இருந்தால் போதும்” என்று எழுதினீர்கள். போதாது. நல்லவரா என்பதைவிட எவ்வளவு தொலைவில் இருக்கிறார் என்பது முக்கியம். செர்வாந்தெஸின் நாவல் நாயகன் தோன் கிஹோத்தே, பழைய வீரக்கதைகளின் கதைமாந்தனான அமாதிஸைப் பின்பற்றுகிறான். அமாதிஸ் வந்து அவன் குதிரையைப் பிடுங்கப்போவதில்லை. ஒரே துறையில் இருக்கும் ஆசானும் மாணவனும் அப்படியல்ல. ‘என்னைப் போல் ஆகு’ என்பார் ஆசான். மாணவன் ஏறக்குறைய ஆனதும் முகம் சுளிப்பார். அப்போது மறித்து எழுதினேன். நான்கு பக்கத்தை மூன்று வரியாக்கி, ‘பாராட்டுகள்’ என்ற தலைப்பின்கீழ் போட்டீர்கள். நன்றி.

அடுத்து, கட்டுரை ‘பலிகடா’ என்ற சொல்லைக் கையாளும் விதம். ஆட்டத்தில் தோற்றால் பயிற்சியாளர் பலிகடா, தேர்தலில் தோற்றால் செயலாளர் பலிகடா. ஜிரார் 1972, 1982 நூல்களில் விளக்கியது நேர் எதிரானது. ‘இவர் பலிகடா’ என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டால், ஊர்ப் பகையை ஒருவர் தலையில் கட்டி அமைதி காணும் வேலை நடக்காது. குற்றவாளிதான் என்று ஊரே நம்ப வேண்டும். ஒரே பொருளுக்கு நீளும் கைகள் பிரிகின்றன. ஒரே ஆளை நோக்கி நீளும் விரல்கள் சேர்கின்றன. இரண்டும் போலச்செய்தல்தான். பண்டைய கிரேக்க நகரமான எபேசுவில் கொள்ளைநோய் பரவியபோது அப்பொல்லோனியஸ் என்ற ஞானி ஒரு பிச்சைக்காரனைக் காட்டிக் கல்லெறியச் சொன்ன பழைய கதையைப் பாருங்கள். மக்கள் முதலில் தயங்குகிறார்கள். முதல் கல்லுக்கு முன்மாதிரி கிடையாது. அதனால்தான் அது கனமானது. சிலர் எறிந்த பிறகு அவன் கண்ணில் நெருப்பு தெரிகிறது, அவன் பேய் என்று எல்லாருக்கும் ‘உறுதி’யாகிறது. கல்தான் முந்தி, நம்பிக்கை பிந்தி. எல்லாத் தொன்மத்துக்கும் இது ஒன்றே சாவி என்று ஜிரார் அடம்பிடிப்பதை நானும் ஏற்கவில்லை. ஆனால் மறுப்பதற்கு முன் சரியாகச் சொல்ல வேண்டாமா?

திருக்குறளில் அழுக்காறாமை 17ஆம் அதிகாரம், வெஃகாமை 18, புறங்கூறாமை 19. பொறாமை முதலில், பொருளாசை அடுத்து, பழிச்சொல் அதன் பிறகு. வள்ளுவர் எல்லாம் சொல்லிவிட்டார் என்று நான் கிளம்பவில்லை. அந்த வரிசை தங்களுக்குத் தெரிந்ததுதானே என்று கேட்கிறேன்.

ஜிராரை ‘உளவியலாளர்’ என்றதும் பிழை. 1923இல் அவிஞ்ஞோனில் பிறந்து, ஆவணக்காப்புப் பயிற்சியும் வரலாற்றில் முனைவர் பட்டமும் பெற்று, இலக்கியம் நடத்தியவர். 1981 முதல் 1995 வரை ஸ்டான்ஃபோர்டில். ஒரே கட்டுரையில் அவர் பெயர் ஜிரார், ஜெரார்டு, கிரார்ட் என்று மூன்று ஆளாகியிருக்கிறது.

அடுத்த இதழில் அந்த ஒரு வரிக்குத் திருத்தம் போடுங்கள். பெயரை ஒரே மாதிரி அச்சிடுங்கள். கட்டுரையை இணையப் பதிப்பில் ஏற்றும்போது அந்தப் படத்தில் இன்னும் ஒன்பது பொம்மைகள் வரையச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்