ஐபிவி6ஐ ஓஃப் பண்ணாத மச்சான்

மச்சான்,

உன்ர மெசேஜ் கிடைச்சது, உடன பதில் போடேலாமப் போச்சு, இஞ்ச உவர்மலையில மழை விட்டபாடில்ல. அம்மாக்குக் கண் ஒப்பரேஷன் நல்லபடியா முடிஞ்சு இப்ப தானே பேப்பர் வாசிக்கிறா, உன்னையும் விசாரிச்சவ.

கமரா பூட்ட வந்த பெடியன் ஐபிவி6ஐ, அதான் இன்ரநெட்டில சாமானுகளுக்கு முகவரி குடுக்கிற புது முறைய, ஓஃப் பண்ணச் சொன்னவன் எண்டு எழுதியிருந்தாய், பண்ணாத. வெளியாள் கமராவுக்குள்ள வந்திடுவான் எண்ட அவன்ர பயத்தில நியாயம் இல்லாமல் இல்ல. பழைய ஐபிவி4 முகவரி 32 பிட், மொத்தமே 430 கோடி மட்டில தான், 2011லயே பொதுக் கையிருப்பு முடிஞ்சுது, அந்தத் தட்டுப்பாட்டால வீட்டுச் சாமான் எல்லாம் ஒரே முகவரிக்குப் பின்னால நிண்டது, வெளியாள் நேரா உன்ர கமராவுக்கு வாறது கஷ்டம். ஐபிவி6 128 பிட், ஃபோன், டிவி, கமரா ஒவ்வொண்டுக்கும் வெளியில செல்லுபடியாகிற சொந்த முகவரி. வளவுக்கு ஒரு படலை எண்டு இருந்தது போய் ஒவ்வொரு அறைக்கும் றோட்டுப் பக்கம் கதவு வச்ச மாதிரி. அப்ப காவல் ரவுட்டர்ட ஃபயர்வோல் தான், எத உள்ளுக்க விடுறது எத மறிக்கிறது எண்டு பாக்கிற தடுப்பு.

ரவுட்டருக்குள்ள போய் ஐபிவி6 ஃபயர்வோல் எண்டு தனியாக் கிடக்கோ பார், சிலதில ஐபிவி4க்குப் போட்ட ரூல் இதுக்குச் செல்லாது. உள்ளுக்க இருந்து கேட்டதுக்கு மறுமொழி வரட்டும், வெளியில இருந்து புதுசா வாறது எல்லாம் தடை. ஆனா ஐசிஎம்பிய, அதான் வழியில வாற பிழை தடங்கல அறிவிக்கிற செய்திகள, முழுக்க அடைச்சுப் போடாத, பாதுகாப்பு எண்டு நினைச்சு கனபேர் இதத்தான் செய்யினம், எனக்கு மனசு கேக்குதில்ல. ஐபிவி6ல வழியில உள்ள ரவுட்டர் பெரிய பாக்கெட்ட, அதான் தரவுப் பொதிய, உடைச்சு அனுப்பாது, பெரிசாக் கிடக்கு எண்டு ஐசிஎம்பியில தான் திருப்பிச் சொல்லும், அந்தச் செய்தி வராட்டி சில பக்கம் திறக்கத் தொடங்கி அப்பிடியே நிண்டுடும், நீ லைன் பிழை எண்டு கொம்பனிக்காரரோட சண்டை பிடிப்பாய்.

முகவரி இவ்வளவு நீளம், ஆரும் தேடிப் பிடிக்கேலாது எண்டு சொல்லுவினம், அத நம்பி இருக்காத. கமரா வெளியில தொடர்பு எடுக்கிற இடமெல்லாம் அதின்ர முகவரி பதிவாகும். கமராவோட வந்த பாஸ்வேர்டயும் மாத்து, அப்டேட் இருந்தாப் போடு. பிறகு ஃபோன்ல வைஃபைய நிப்பாட்டிப் போட்டு, டேட்டாவில ஐபிவி6 வருதெண்டா, கமராட முகவரிய அடிச்சுப் பார், திறக்கக் கூடாது.

ரவுட்டர்ட பின்பக்கத்தப் படம் எடுத்து அனுப்பு, பாஸ்வேர்ட் ஒட்டியிருக்கிற இடத்த மறைச்சுப் போட்டு. மொடல் தெரிஞ்சா எந்த மெனுவில கிடக்கெண்டு பாத்துச் சொல்லுறன்.