கிச்சன் எங்கே வாங்குவது: வசந்தாவுக்கு

திருச்சி,
ஞாயிறு மாலை

அன்புள்ள வசந்தா,

கடிதம் கிடைத்தது. பேரன் சுவரைப் பிடிக்காமல் நடக்கிறான் என்று நீ எழுதியதை இவருக்கு வாசித்துக் காட்டினேன். இவருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது பேப்பரில் ஏல அறிவிப்பைக்கூட விடாமல் படிக்கிறார், படிப்பதோடு நிற்காமல் எனக்கும் சொல்கிறார். என் மூட்டுவலி அப்படியே இருக்கிறது, அதில் எழுத ஒன்றுமில்லை.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். மாடுலர் கிச்சனுக்குப் பெரிய கம்பெனிக்குப் போவதா, கார்பெண்டரைக் கூப்பிடுவதா என்று கேட்டிருக்கிறாய். போன வருஷம் நாங்களும் இதே கேள்வியோடுதான் சாஸ்திரி ரோட்டில் ஏறி இறங்கினோம். என்னைக் கேட்டால் ஷோரூமுக்குக் கடைசியில் போ. எந்தக் கடையாக இருந்தாலும், அவர்கள் நாலைந்து வருஷத்துக்கு முன்னால் போட்டுக்கொடுத்த ஒரு வீட்டைக் காட்டச் சொல். காட்டத் தயங்கினால் அடுத்த கடையைப் பார்.

அப்படித்தான் கே.கே. நகரில் ஒரு வீட்டுக்குப் போனோம். பெயர் பெற்ற கம்பெனி கிச்சன், வெளியே பளபளவென்று அக்ரிலிக் கதவு, முகம் பார்க்கலாம். அந்த அம்மா சிங்குக்குக் கீழே இருந்த கதவைத் திறந்து காட்டினார். அடிப்பலகை ஊறிய ரஸ்க் மாதிரி உப்பிக் கிடந்தது. ஓரத்து டேப் பிரிந்து தொங்கியது. விரலை வைத்தேன், பொடியாக உதிர்ந்தது. குழாய் இணைப்பில் லேசான கசிவாம், மாதக்கணக்காக யாரும் கவனிக்கவில்லை. மேலே இருந்த அலமாரிகள் நேற்று மாட்டியது போலத்தான் இருந்தன. கம்பெனியைக் கூப்பிட்டால் வாரண்டியில் தண்ணீர்ச் சேதம் வராது என்கிறார்களாம். இன்னொரு வீடு தில்லை நகரில், உள்ளூர்ப் பட்டறைக்காரர் போட்டது. அங்கேயும் சிங்குக்குக் கீழே கறை இருந்தது, ஆனால் பலகை கெட்டியாக நின்றது. கீல் ஒன்று தளர்ந்தபோது போன் செய்த மறுநாளே பையனை அனுப்பினார் என்றார்கள். எனக்கு அங்கேயே பாதி முடிவாகிவிட்டது.

கதவின் கலரைப் பார்த்து நாம் மயங்குகிறோம், காசு போவதும் பிழைப்பதும் கார்கஸ் என்று சொல்கிற உள்பெட்டியில். பார்ட்டிக்கிள் போர்டு, எம்.டி.எஃப்., எச்.டி.எச்.எம்.ஆர்., பிளைவுட் என்று பலகை வகைகளை வரிசையாகச் சொல்வார்கள். கீழ் அலமாரிக்கு ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர எண் உள்ள பிளைவுட் என்று கேள். மரைன் பிளை என்பது அதுதான். 72 மணி நேரம் கொதிநீர்ச் சோதனையைத் தாங்கும் பசை அதில் இருக்கவேண்டும். வாயால் "710 போட்டிருக்கிறோம்" என்று எல்லோரும் சொல்வார்கள், பலகை மேலேயே ஐ.எஸ்.ஐ. முத்திரையும் சி.எம்./எல். என்கிற உரிம எண்ணும் அச்சிட்டிருக்கும். அந்த எண்ணை பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் போட்டுப் பார்க்கலாம். இவர் கடையிலேயே நின்று பார்த்தார், கடைக்காரர் முகம் கொஞ்சம் மாறியது.

ஸ்டீல் கூடையிலும் ஒரு வித்தை உண்டு. காந்தம் ஒட்டாவிட்டால் 304 என்ற நல்ல ரக ஸ்டீல் என்பார்கள். மலிவான 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது. அதனால் பில்லில் 304 என்று எழுதி வாங்கு. கம்பிக் கூடையைவிட அடி மூடிய டிராயர் மேல் என்பது என் கட்சி. கரண்டியும் தாளிக்கும் கிண்ணமும் கம்பிச் சந்தில் மாட்டிக்கொண்டு திறக்கவே விடாது. கீல், டிராயர் ஓடுகிற சேனல் எல்லாம் ஹெட்டிக், ஹாஃபெலே, ப்ளம், எப்கோ என்று எங்கும் அதே பெயர்கள்தான், அதற்காகக் கடை மாறவேண்டாம்.

பெரிய கம்பெனிகளிடம் நல்ல விஷயம் இல்லாமலில்லை. மெஷினில் வெட்டி ஓரம் ஒட்டுவதால் வேலை சுத்தம், வீட்டில் தூசி கிடையாது. ஆனால் பெட்டியின் அகலமெல்லாம் முன்பே தீர்மானமானவை. நம் சுவர் கோணலாக இருந்தால் மிச்ச இடத்தைப் பட்டை வைத்து மூடுவார்கள், கரப்பானுக்குக் குடியிருப்பு தயார். பெரும்பாலும் சரக்கு கிளம்பும் முன்பே முழுப் பணத்தையும் கேட்பார்கள், அப்புறம் நம் கையில் என்ன பிடி இருக்கிறது? கார்பெண்டர் எந்த அளவுக்கும் செய்துகொடுப்பார். கையால் ஒட்டிய ஓரம் மட்டும் ஈரத்தில் சீக்கிரம் விடும், வேலை முடியும்வரை வீடெல்லாம் மரத்தூள். நாங்கள் துவாக்குடி பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் கொடுத்தோம். பலகை அறுக்கும் பேனல் சா, ஓரம் ஒட்டும் மெஷின் இரண்டும் அவரிடமே உண்டு. போய் நின்று பார்க்கலாம் என்பதுதான் எனக்குப் பிடித்தது. கடைசிப் பத்து சதவீதத்தை எல்லா டிராயரும் ஒழுங்காக மூடிய பிறகுதான் கொடுத்தோம்.

உன் பிள்ளை பெங்களூரில் ஐக்கியாவைப் பார்க்கச் சொல்கிறான் என்றாய். நாகசந்திராவில் 2022-ல் திறந்த கடைதானே, போய்ப் பார், டப்பாவும் தட்டும் வாங்கு. கிச்சனை அங்கிருந்து சென்னையில் உன் மடிப்பாக்கம் வீட்டுக்குக் கொண்டுவருவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஷோரூமில் ஒரு பையன் கம்ப்யூட்டரில் முப்பரிமாணப் படம் போட்டுக் காட்டினான். அழகுதான். "கிரைண்டர் எங்கே தம்பி?" என்று கேட்டேன், திருதிருவென்று விழித்தான். சரித்திர டீச்சர் புத்தி போகுமா, எனக்குப் பிராங்க்பர்ட் ஞாபகம் வந்தது. இந்த வகைக் கிச்சனுக்கெல்லாம் முன்னோடி 1926-ல் மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரிய ஆர்க்கிடெக்ட் அந்த ஊர்க் குடியிருப்புகளுக்காக வரைந்தது. ரயில் சாப்பாட்டுப் பெட்டியின் சமையலறையைப் பார்த்து, எத்தனை அடி நடக்கவேண்டும் என்று கணக்குப் போட்டு வரைந்தார். அதற்கு முன் தான் சமைத்ததே இல்லை என்று பிற்காலத்தில் அவரே சொன்னார். அந்தப் பையனை அதற்கப்புறம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

இனி உன் வீடு. அங்கே கீழ்த்தளம், 2015-ல் முழங்கால் தண்ணீர் நின்றது. அந்த இடத்தில் கீழே முழுக்கப் பலகைப் பெட்டி வைக்க எனக்கு மனசு வரவில்லை. உன் மேடைக்குக் கீழே கடப்பாக்கல் தடுப்பு இருக்கிறதே, அதை யார் சொன்னாலும் இடிக்காதே. கல்லுக்குத் தண்ணீர் ஒன்றும் செய்யாது. மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூ.பி.சி. பலகையில் சட்டம் அடித்துக் கதவு மட்டும் மாட்டலாம், ஒரே ஒரு கட்டத்தில் டிராயர் பெட்டி இறக்கலாம். உன் ஆசைக்கு மேல் அலமாரியைப் பிளைவுட்டில் செய்துகொள். பெரிய கடைகள் இந்த அரைகுறை வேலையை எடுக்கமாட்டார்கள், அவர்களுக்கு இடித்துவிட்டு முதலிலிருந்து போட்டால்தான் கட்டுப்படியாகும். ஆகவே உனக்கு வேண்டியது வேளச்சேரி, மேடவாக்கம் பக்கத்தில் ஒரு பட்டறை. பக்கத்து அபார்ட்மெண்டில் விசாரி.

கொட்டேஷன் வாங்கும்போது ஒன்று கவனி. சதுர அடிக்கு இவ்வளவு என்று சொல்வதில் சேனல், கூடை, 18 சதவீத ஜி.எஸ்.டி., பிளம்பிங் எல்லாம் சேர்ந்ததா என்று எழுத்தில் கேள். குறைந்த விலை சொன்னவர் இவற்றை வெளியே வைத்திருப்பார். சிலிண்டர் வைக்கும் கதவின் அடியிலும் மேலும் காற்றுத் துளை வேண்டும், அதை அவர்களாகச் சொல்லமாட்டார்கள். மேடை உயரத்தைப் பொதுவாக 34 அங்குலம் என்று வைப்பார்கள், அடுப்பின் உயரமும் அதன்மேல் ஏறும். உன் உயரத்துக்கு அது தோளை வலிக்கவைக்கும், இப்போதிருக்கும் மேடையே உனக்குச் சரி.

பாமா மகளுக்குத் தையில் கல்யாணம், பத்திரிகை உனக்கும் வந்திருக்குமே? நாங்கள் பல்லவனில் வந்து தாம்பரத்தில் இறங்கி நேராக உன் வீட்டுக்குத்தான் வருகிறோம். இவர் அளக்கிற இஞ்ச் டேப்பைப் பெட்டியில் எடுத்து வைத்தாயிற்று. கடப்பாத் தடுப்புகளுக்கு நடுவே இடைவெளி எவ்வளவு என்று அளந்து எழுது. கிரைண்டரை எங்கே வைக்கப்போகிறாய் என்பதையும் யோசித்து வை. அதுவரை யாருக்கும் அட்வான்ஸ் கொடுத்துவிடாதேடி.

அன்புடன்,
ராஜி