குடி உண்டா என்று கேட்கும்போது ரம்மியையும் கேளுங்கள்

மதிப்பிற்குரிய மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். என் தம்பி இரண்டு வருடம் ஆன்லைன் ரம்மி ஆடினான். வீட்டில் யாருக்கும் தெரியாது. குடித்துவிட்டு வந்தால் வாசலிலேயே வாடை காட்டிக்கொடுத்துவிடும். இதற்கு வாடை கிடையாது. போனை எப்போதும் கவிழ்த்தே வைப்பான். குளிக்கப் போனாலும் கையில் போன். சாப்பிடும்போது இடது கைக் கட்டைவிரல் மட்டும் மேசைக்கடியில் நகர்ந்துகொண்டே இருக்கும். ஆபீஸ் வேலை என்பான், நம்பினோம். அவன் மனைவியின் செயின் அடகுக்குப் போன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அப்போதும், "விட்டதை எடுத்துட்டு நிறுத்திடறேன்க்கா" என்றான். அப்படித் துரத்திக்கொண்டு ஓடுவதே நோயின் அடையாளம் என்று எனக்குத் தெரியாது.

அதற்கு முன்பே, தூக்கம் வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது என்று மூன்று முறை டாக்டரிடம் போயிருக்கிறான். குடிப்பீர்களா, சிகரெட் உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றான், அது உண்மைதான். மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி-11 நோய்ப் பட்டியலில், குடிக்குப் பக்கத்திலேயே சூதாட்டக் கோளாறும் கேமிங் கோளாறும் இருக்கின்றன. ஆட்டத்தை நிறுத்துவது கையை மீறிப்போவது, வேலை, பிள்ளை எல்லாவற்றுக்கும் முன்னால் அது வந்து நிற்பது, கெடுதல் கண்ணெதிரே தெரிந்தும் தொடர்வது என்று அடையாளமும் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் எல்லாமே இருந்தது. நாங்கள் அதைத் திமிர் என்றோம்.

ஆன்லைன் சூதாட்டத்தைத் தடுக்க மாநில அரசு 2022இல் சட்டம் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்ட்டில், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்யும் மத்திய அரசின் சட்டமும் வந்தது. இரண்டையும் மனதார வரவேற்கிறேன். ஆனால் தடைக்குப் பிறகும் தம்பி ராத்திரியில் வேறு ஏதாவது லிங்க் கிடைக்குமா என்று தேடிக்கொண்டுதான் இருந்தான்.

'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் வீடு தேடி வந்து பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள். அவர்களிடமும் ஓ.பி. டாக்டர்களிடமும் இரண்டே கேள்விகளைக் கொடுங்கள். எவ்வளவு வைத்து ஆடினீர்கள் என்பதில் வேண்டியவர்களிடம் பொய் சொன்னதுண்டா? மேலும் மேலும் அதிகப் பணம் கட்டத் தோன்றியதுண்டா? சூதாட்டப் பழக்கத்தைக் கண்டறிய மனநலத் துறையில் ஏற்கெனவே கேட்கப்படும் கேள்விகள்தான் இவை. ஒன்றுக்கு 'ஆமாம்' வந்தாலும் விரிவாக விசாரிக்க வேண்டும். வீட்டாரை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்கச் சொல்லுங்கள். அப்புறம், மனநல உதவிக்கான 14416 டெலி மானஸ் எண்ணை ஒட்டும் இடத்தில் 'ரம்மி' என்ற வார்த்தையையும் சேர்த்து எழுதுங்கள்.

கடைசியில் ஒரு மனநல மருத்துவரிடம் போனோம். என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, பணம் வைத்து ஆடுவதுண்டா என்று அவர் தம்பியிடம் நேரடியாகவே கேட்டிருக்கிறார். அரை மணி நேரத்தில் கடன் கணக்கு முழுவதையும் சொல்லிவிட்டான். இத்தனை நாளில் யாரும் கேட்டதே இல்லையாம்.

இப்படிக்கு,
ஓர் அக்கா