கட்டைவிரல் மறைத்த காணொளி

அன்புள்ள நண்பர்களுக்கும், நண்பர்கள் என்று சொல்லுமளவுக்குப் பழகாமலேயே எனக்குக் கைகொடுத்தவர்களுக்கும்,

நேற்று, 2024 டிசம்பர் 22 அன்று, மாட்ரிட்டில் ஆட்டம் முடிந்துவிட்டது. ஹெசூஸ் நவாஸ் ஸ்பெயினின் செவியா கால்பந்து அணிக்காக ஆடிய 705ஆவது ஆட்டம் அது; 706ஆவது என்று ஒன்று இல்லை. சொந்த அரங்கத்தில் ஒரு வாரம் முன்பே அழுது தீர்த்துவிட்டோம் என்று எண்ணியிருந்த எனக்கு நேற்றும் கண் நிறைந்தது. இரண்டு நாள் கழித்து எழுதினால் இந்த மடல் இன்னும் ஒழுங்காக இருக்கும் என்பது தெரியும். ஆனால் மனம் ஆறிய பிறகு சொல்லும் நன்றியில் பாதி மரியாதைதான் இருக்கும் என்பதால், ஆறும் முன்பே எழுதுகிறேன்.

13ஆம் தேதி வெள்ளிக்கிழமை இரவு என் டிக்கெட்டுக்கு என்ன நேர்ந்தது, அதனால் உங்களில் எத்தனை பேர் தூக்கத்தைத் தொலைத்தீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை மறுபடி கிளற வேண்டாம். விடியும்வரை தொலைபேசியில் இருந்து எனக்காக ஸ்பானிய மொழியில் வாதாடிய அக்காவுக்கும், "முதலில் போய்ச் சேருங்கள், கணக்கைப் பிறகு பார்க்கலாம்" என்று பணம் அனுப்பிய தம்பிக்கும், இரவுப் பேருந்தில் இருக்கை பிடித்துக் கொடுத்த அண்ணனுக்கும், என் பையைத் தன் மேசைக்கடியில் வைத்துக்கொண்ட விடுதிக் காவலருக்கும், வாயிலில் என் கையிலிருந்த தாளைவிட என் முகத்தை அதிக நேரம் பார்த்துவிட்டு உள்ளே விட்ட ஊழியருக்கும் என் நன்றி. உங்களில் ஒருவர் இல்லாமல் போயிருந்தாலும் 14ஆம் தேதி நான் செவியாவின் சொந்த அரங்கமான சான்செஸ் பிஸ்ஹுவானின் வெளிச்சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பேன்.

ஆனால் இந்த மடலை எழுதத் தூண்டியவர் நீங்கள் யாரும் அறியாத ஒருவர். அவருடைய பெயர் எனக்கும் தெரியாது.

கோல் சூர் பகுதியில், கோல் கம்பத்துக்குப் பின்னே ஓரமாகக் கிடைத்த இருக்கை என்னுடையது. எனக்கு இடப்பக்கம் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மையார் அமர்ந்திருந்தார். கழுத்தில் சுற்றியிருந்த சிவப்பு வெள்ளைத் துண்டில் சிவப்பு வெளுத்துச் செங்கல் நிறமாகியிருந்தது. சுற்றிலும் எல்லோரும் சூரியகாந்தி விதையைக் கொறித்துத் தோலைக் காலடியில் துப்பிக்கொண்டிருக்க, அவர் மட்டும் ஒரு காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி அதில் தோலைச் சேர்த்துக்கொண்டிருந்தார். நான் எங்கிருந்து வருகிறேன் என்று அவர் கேட்கவில்லை. விதைப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார், அவ்வளவுதான். எனக்குத் தெரிந்த அரைகுறை ஸ்பானியத்தில் நவாஸைப் பற்றி ஏதோ சொன்னேன். அதற்கு அவர் சொன்ன பதிலில் பாதி எனக்குப் புரியவில்லை, மீதி மறக்கவில்லை. பதினெட்டு வயதில் முதல் அணிக்கு வந்த புதிதில் நவாஸ் ஆடியதை இதே பக்கத்திலிருந்து பார்த்தாராம். காற்று பலமாக அடித்தால் பையன் பறந்துவிடுவான் என்று கணவரிடம் சொன்னாராம்.

அந்தப் பையன் வீட்டை விட்டுப் பிரிந்து இருக்க முடியாதவன் என்பது அங்கே ஊரறிந்த செய்தி. அருகிலிருக்கும் லோஸ் பலாசியோஸ் என்னும் ஊரைத் தாண்டி நெடுநாள் தங்க நேர்ந்தால் பதற்றம் அவரை ஆட்டிவிடும். வெளியூரில் நடக்கும் பயிற்சி முகாம்களில்கூட அவரால் இருக்க முடியாத காலம் ஒன்று இருந்தது. அதை மறைக்காமலும், அதற்காக வெட்கப்படாமலும், மெல்ல மெல்லக் கடந்து வந்து, 2010இல் தென்னாப்பிரிக்காவில் உலகக் கோப்பை இறுதியாட்டத்தின் 116ஆவது நிமிடத்தில் ஸ்பெயினுக்காக இனியெஸ்டா அடித்த கோலுக்கான ஓட்டத்தைத் தன் கால்களில் தொடங்கி வைத்தார். 2013இல் அவர் இங்கிலாந்தின் மான்செஸ்டர் சிட்டி அணிக்குப் போனபோது பிள்ளையை விடுதியில் சேர்த்துவிட்டு வந்த வீடுபோல இருந்தது எங்கள் ஊர் என்று அம்மையார் சொன்னதாகத்தான் நான் புரிந்துகொண்டேன். தவறாகப் புரிந்திருந்தாலும் அந்த வாக்கியத்தை நான் திருத்தப்போவதில்லை. பிள்ளை நான்கு ஆண்டுகளில் திரும்பி வந்தது. அதன்பின் வீடு மாறவே இல்லை.

இப்போது பதினாறாம் நிமிடத்துக்கு வருகிறேன். அங்கே ஒவ்வொரு ஆட்டத்திலும் அந்த நிமிடத்தில் அரங்கம் எழுந்து அந்தோனியோ புவெர்த்தாவுக்காகக் கைதட்டும் என்பதை நீங்கள் அறிவீர்கள். 2006இல் ஜெர்மனியின் ஷால்கா அணிக்கு எதிரான அரையிறுதியில், கூடுதல் நேரத்தின் 100ஆவது நிமிடத்தில், வலது ஓரத்திலிருந்து நவாஸ் அனுப்பிய கிராஸை இடக்காலால் அடித்து, செவியாவை அதன் முதல் ஐரோப்பியக் கோப்பையின் இறுதியாட்டத்துக்குக் கொண்டு போனவர் புவெர்த்தா. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் களத்திலேயே சரிந்து, மூன்றாம் நாள் மருத்துவமனையில் உயிர்விட்டபோது அவருக்கு வயது 22. அவருடைய எண் 16. பிறகு அந்த எண்ணைத் தன் முதுகில் ஏற்றுக்கொண்டவர் நவாஸ். ஆகவே அன்றைக்கு அந்த நிமிடம் இரண்டு பேருக்கானது, அதுவும் கடைசித் தடவையாக.

உங்களுக்குக் காட்ட வேண்டும் என்பதே என் தலையில் இருந்தது. வர முடியாத அத்தனை பேருக்காகவும் நான் போயிருக்கிறேன் என்ற பொறுப்பில் நிமிடம் பதினைந்திலேயே கைப்பேசியை உயர்த்திப் பிடித்துவிட்டேன். திரையில் நவாஸ் ஓர் எறும்பளவு தெரிந்தார். அந்த எறும்பைச் சட்டத்துக்குள் வைத்திருப்பதில்தான் என் கவனம் முழுவதும் இருந்தது. அப்போது என் மணிக்கட்டின்மேல் ஒரு கை விழுந்தது. அம்மையார் என் கையை மெதுவாகக் கீழே இறக்கினார். கடிந்துகொள்ளப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ, "மியார்மா, நீ பார். நான் எடுக்கிறேன்" என்று சொல்லிக் கைப்பேசியை வாங்கி, சூடான தட்டை ஏந்துவதுபோல இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். 'மியார்மா' என்பது செவியாக்காரர்கள் எதிரில் இருக்கும் யாரையும் அழைக்கும் செல்லச் சொல். 'என் உயிரே' என்பதன் தேய்ந்த வடிவம். முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டு நான் பார்த்தேன்.

குறுகலான தோள்களில் சட்டை எப்போதும்போல ஓர் அளவு பெரிதாகத் தொங்கியது. வலது ஓரத்துப் பக்கக்கோட்டை ஒட்டி, இருபத்தோரு ஆண்டுகளாக அவர் தேய்த்த அதே நீளத்துண்டு நிலத்தில், 39 வயதில், இடுப்பு வலியோடு, அவர் ஓடிக்கொண்டிருந்தார். ஆட்டம் முடிந்ததும் நடப்பதே சிரமமாக இருக்கிறது என்று சொன்ன மனிதரின் ஓட்டமா இது என்று தோன்றியது. பந்து அப்போது எங்கே இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. விங்கர் என்பவர் களத்திலேயே பார்வையாளருக்கு மிக அருகில் ஆடுபவர். நடுக்களத்தில் இருப்பவரை நாம் வியக்கலாம், ஓரத்தில் ஓடுபவரின் மூச்சிரைப்பைத்தான் கேட்க முடியும். பல ஆண்டுகளாகத் திரையில் பார்த்துப் பழகிய எனக்கு இந்த எளிய விஷயம் அன்றுதான் உறைத்தது. வயது ஏறியதும் அவரைப் பின்களத்துக்கு மாற்றினார்கள். அப்போதும் ஓரத்தை அவர் விடவில்லை.

காணொளியை அன்றிரவு பேருந்து நிலையத்தில்தான் திறந்து பார்த்தேன். 48 நொடி. முதல் பத்து நொடிக்கு அம்மையாரின் கட்டைவிரல், அதன் விளிம்பில் கசியும் சிவந்த வெளிச்சம். பிறகு முன்வரிசையில் ஒருவரின் வழுக்கைத் தலை, கொஞ்சம் புல், மறுபடியும் கட்டைவிரல், கடைசியில் வானம். நவாஸ் ஒரு நொடிகூட இல்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டாம் முறை ஒலியைக் கூட்டி வைத்துக் கேட்டேன். அரங்கம் முழுவதும் கைதட்டும் ஓசை மழைபோல இரைகிறது. அதற்கு மேலே, மிக அருகில், தழுதழுத்த குரலில் அவர் முதலில் புவெர்த்தாவின் பெயரையும் பிறகு "ஹெசூஸ், மகனே" என்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆனால் அத்தனை அருகில் கைதட்டல் மட்டும் கேட்கவில்லை. அதற்கான காரணம் எனக்குப் புரிவதற்குச் சற்று நேரம் ஆனது. ஆண்டுக்கணக்கில் அந்த நிமிடத்தில் தட்டிவந்த இரண்டு கைகளும் அன்று என் கைப்பேசியை ஏந்திக்கொண்டிருந்தன. நவாஸ் களத்தில் இருக்கும் கடைசிப் பதினாறாம் நிமிடத்தில் தட்ட வேண்டிய கைதட்டலை, அவர் ஒரு வெளியூர்க்காரனின் கண்களுக்காக விட்டுக்கொடுத்திருக்கிறார். அதை அவர் ஓர் உதவியாகவே எண்ணியிருக்க மாட்டார் என்பதுதான் என்னை நிலைகுலையச் செய்தது.

ஆட்டம் 1-0 என்று செவியாவின் வெற்றியாக முடிந்தது. அதன் பிறகு நடந்தவற்றை எல்லோரும் பார்த்தீர்கள்; அந்தப் படங்கள் என்னிடம் இருப்பதைவிட நன்றாகவே உங்களிடம் இருக்கும். கூட்டம் கலைந்தபோது அம்மையார் காகிதக் கூம்பைக் கசக்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு, என் கன்னத்தைத் தட்டிவிட்டு, படியிறங்கிப் போய்விட்டார். பெயர் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியபோது அந்தச் செங்கல் நிறத் துண்டு ஆயிரம் துண்டுகளுக்குள் கலந்துவிட்டிருந்தது.

நேற்று ரியல் மாட்ரிட் ஆட்டக்காரர்களும் வரிசையில் நின்று நவாஸை வரவேற்றார்கள். அவர்களுக்கும், எதிரணியின் ஆட்டக்காரர் ஒருவருக்காக எழுந்து நின்ற பெர்னபெயு அரங்கத்தினருக்கும் இங்கே நன்றி சொல்லிவிடுகிறேன்; 4-2 என்று தோற்ற கசப்பை அது முழுவதும் போக்கவில்லை என்றாலும், தோற்றவர்கள் நன்றி சொல்லக் கூடாது என்று விதியில்லை. நவாஸுக்கு என்று தனியாக நான் எதையும் எழுதவில்லை. எட்டுக் கோப்பைகளையும் 705 ஆட்டங்களையும் அடுக்கிக் காட்டுவது அவருக்கே கூச்சமாக இருக்கும். கடைசி ஆறு மாதமும் அவர் வலியோடு ஓடியதன் பொருள் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஒன்று மட்டும் உறுதி சொல்கிறேன். என்றாவது ஒருநாள் மீண்டும் கோல் சூரில் உட்காரும் வாய்ப்புக் கிடைத்தால், பதினாறாம் நிமிடத்தில் கைப்பேசி பைக்குள்தான் இருக்கும்; அம்மையார் தட்டாமல் விட்டதையும் சேர்த்து நான் தட்டுவேன். என் பக்கத்தில் யாராவது தனியாக வந்து கைப்பேசியை உயர்த்தினால் அதை வாங்கிக்கொள்ளவும் முயல்வேன், அவரளவு மென்மையாக என்னால் முடியுமா என்பது சந்தேகம்தான்.

கட்டைவிரல் வரும் பகுதியை வெட்டிவிட்டு ஒலியை மட்டும் அனுப்பும்படி நேற்றிரவு கேட்ட தம்பிக்கு: மன்னிக்கவும், வெட்டவில்லை. 48 நொடியையும் அப்படியே அனுப்பியிருக்கிறேன். ஒலியைக் கூட்டி வைத்துக் கேளுங்கள்.

நன்றியுடன்,
உங்களில் ஒருவன்