வளைந்த விளக்கு வாங்குமுன்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டு வேலை ஒருவழியாக முடிந்தது என்று படித்ததும் எனக்கே மூச்சு வந்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாளாமே! இனி உனக்கு உடற்பயிற்சி தனியாக வேண்டாம். இங்கே எல்லோரும் நலம். எனக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது.

சரி, விளக்கு விஷயம். நீ படம் அனுப்பிய வளைந்த தரை விளக்கை இந்த வருஷத்துப் புதுமை மாதிரி விற்கிறார்கள். அதன் தாத்தா 1962இல் வந்த ஆர்க்கோ என்ற விளக்கு. இத்தாலியின் காஸ்டிலியோனி சகோதரர்கள் ஃப்ளோஸ் நிறுவனத்துக்காக வடிவமைத்தது. அவர்கள் யோசித்தது இதுதான்: கூரையில் ஓட்டை போடக்கூடாது, ஆனால் மேசைக்கு நேர் மேலே வெளிச்சம் விழ வேண்டும். விளக்குத்தண்டில் இடித்துக்கொள்ளாமல் மேசையைச் சுற்றி வரவும் முடிய வேண்டும். தெருவிளக்கைப் பார்த்துப் பிடித்த யோசனை. ஏறக்குறைய 2 மீட்டர் எட்டி நிற்கும் வளைவு கவிழாமலிருக்க, அடியில் சுமார் 65 கிலோ பளிங்குக் கல். அந்தக் கல்லில் ஒரு துளை இருக்கும். அலங்காரத்துக்கு என்று நினைத்துவிடாதே. துடைப்பக் கம்பை அதில் செருகி, ஆளுக்கொரு பக்கம் பிடித்து விளக்கை இடம் மாற்றலாம்! காலில் இடித்தால் காயம் படாதபடி கல்லின் மூலைகளையும் மழுக்கியிருக்கிறார்கள். என்னைக் கேட்டால் டிசைன் என்பது இதுதான், மற்றதெல்லாம் மினுக்கு.

அதனால் கடைக்காரரிடம் முதலில் அடிப்பாகத்தின் எடையைக் கேள். வளைவை மட்டும் காப்பியடித்துவிட்டு அடியை லேசாக விட்டுவிடுகிறவர்கள் உண்டு. பேத்தி எதைப் பிடித்து எழுந்து நிற்பாள் என்று சொல்ல முடியாது. வயரையும் சுவரோரமாகக் கொண்டுபோக வழி இருக்கிறதா பார்.

அப்புறம், பல்பைக் கழற்றி மாற்ற முடியுமா? இப்போது பல மாடல்களில் எல்இடியை உள்ளேயே பதித்துவிடுகிறார்கள். பார்க்க ஒல்லியாக, அழகாகத்தான் இருக்கிறது. அது போனால் விளக்கே போன மாதிரி. பல்பைத் திருகி மாட்டும் சாதாரண இ27 ஹோல்டர் இருந்தால் கவலையில்லை. மஞ்சள் கலந்த வெளிச்சம் தரும் 2700 கெல்வின் பல்பு போடு, மாலை நேரத்துக்கு இதமாக இருக்கும். நிறங்கள் உள்ளபடி தெரிய சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற அளவு, உச்சம் 100) 90க்கு மேல் வேண்டும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் வைப்பதாக இருந்தால், பல்பு அதற்கு ஏற்றதுதானா என்று அட்டையில் பார்த்துக்கொள், இல்லாவிட்டால் மினுமினுக்கும்.

படிக்கத்தான் விளக்கு என்றால் இந்த வளைவே வேண்டாம் என்பேன். நாற்காலிக்குப் பக்கத்தில் நேராக நிற்கும் விளக்கு போதும். நீ உட்கார்ந்தால் ஷேடின் கீழ்விளிம்பு உன் கண் மட்டத்துக்கு வரட்டும், பல்பு கூசாது. வளைவுதான் வேண்டுமென்று தங்கச்சி ஆசைப்பட்டால் நான் சொன்னதாகச் சொல்லாதே, வாங்கிவிடு.

சோபா எந்தப் பக்கம், பிளக் எங்கே இருக்கிறது என்று ஒரு படம் வரைந்து அனுப்பு. பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
முரளி