பீலிக்கரை வழியே போகும் பாதை: கோத்தகிரி நண்பனுக்கு ஒரு கடிதம்

ஹப்புத்தளை
17.08.2025

அன்பு நண்பன் செல்வராசுவுக்கு,

உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. கச்சான் காற்று கூரைத் தகரத்தைப் பிய்த்தெடுக்கும் வேகத்தில் வீசிக்கொண்டிருந்த ஒரு மாலையில், வாசற்கதவைச் சாத்திக்கொண்டு அதை இரண்டு முறை வாசித்தேன். பேரன் கல்லூரிப் படிப்பை முடித்த கையோடு இலங்கைக்கு வந்து நம் மலைகளில் நடக்க ஆசைப்படுகிறான் என்பதை அறிந்து மிகவும் மகிழ்ந்தேன். 'பீக்கோ நடைபாதையைப் பற்றி இங்கே எங்கள் பிள்ளைகளுக்கெல்லாம் எழுதிச் சொல்லட்டுமா, அல்லது சொன்னால் கூட்டம் சேர்ந்து பாழாகிவிடுமா?' என்று நீ கேட்டிருந்தாய். ஒரு வருடமாக என் மனத்தில் கிடந்து உழலும் கேள்வியும் அதுதான் என்பதால், பதில் சற்று நீளமாகிவிட்டது.

கண்டிக்கு மேலே ஹந்தானையில் தொடங்கி, ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர வழியாக ஹட்டன், பொகவந்தலாவைப் பக்கம் இறங்கி ஏறி, நம் ஹப்புத்தளையைத் தொட்டு, எல்லவைக் கடந்து, ஊவா மாகாணத்தைச் சுற்றிக்கொண்டு நுவரெலியாவில் முடிகிறது அந்தப் பாதை. 300 கிலோமீட்டருக்கு மேல் நீளமான அதனை 22 கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். புதிதாக வெட்டிய பாதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கும், தொழிற்சாலைக்கும், அங்கிருந்து ரயில் நிலையத்துக்கும் தேயிலை போன பழைய வண்டிப் பாதைகளையும் தோட்டத்து ரோடுகளையும்தான் ஒன்றோடொன்று இணைத்திருக்கிறார்கள். அவற்றை யார் வெட்டினார்கள் என்பதை உனக்கு நான் எழுத வேண்டியதில்லை. உன் தாத்தா கல் உடைத்த ரோட்டின் வழியாகத்தான் நாம் இருவரும் பள்ளிக்கூடம் போனோம். 1973இல் உங்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பியபோது, 'அழுகைக் கோச்சி' என்று நாம் சொன்ன அந்த ரயிலில் ஏறுவதற்காக நீங்கள் மூட்டைகளோடு இறங்கிப் போனதும் அதே ரோட்டில்தான்.

ஆகவே, எழுது என்பதே என் முதல் பதில். இந்தப் பாதையைப் பற்றி ஊரூராகப் பேசுகிறவர்கள் தேயிலையின் அழகையும் துரைமார் பங்களாக்களையும் சொல்கிறார்கள். பாதை வெட்டியவர்களைப் பற்றி ஒரு வரியோடு கடந்துவிடுகிறார்கள். மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்து வந்து, வழியிலேயே ஏராளமானோரைப் பறிகொடுத்த சனம் நாம். 2023இல் நம் சனம் இங்கே வந்த இருநூறு ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அதே வழியில் நம்மவர்கள் மறுபடி நடந்தபோது, கடைசி நாளில் நானும் போய்ச் சேர்ந்துகொண்டேன். அன்று என் பக்கத்தில் செருப்பில்லாமல் நடந்த ஒரு கிழவியின் முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. நடந்து வந்த ஒரு சமூகத்தின் பிள்ளைகள் அந்தச் சமூகம் போட்ட பாதையில் நடந்து பார்க்க வேண்டும் என்று நான் மனமார விரும்புகிறேன்.

ஆனால் எழுதும்போது முழுப் பாதையையும் எழுது. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 22 கட்டங்களிலும் ஆட்கள் ஒரே அளவில் நடப்பதில்லை. தெமோதரை ஒன்பது வளைவுப் பாலமும் எல்ல நகரமும் இருக்கும் துண்டில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். பொகவந்தலாவைப் பக்கத்தில் சென்ற மாசியில் நான் இரண்டு நாள் நடந்தபோது வெளியூர்க்காரர் ஒருவரைக்கூடக் காணவில்லை. எல்லவின் ஒரு படத்தை ஆயிரம் பேர் பார்த்து அதே இடத்துக்கே ஆயிரம் பேரும் வருவதால் ஓரிடம் தேய்கிறது, மற்ற இடங்களுக்கு ஒரு சதமும் போய்ச் சேர்வதில்லை.

தேய்கிறது என்று வெறும் பேச்சுக்காக எழுதவில்லை. எங்கள் தோட்டத்துக்கு மேலே ரோடு கொண்டை ஊசியாக வளையும் இடம் உனக்கு நினைவிருக்கும். ஒற்றைச் சவுக்கு மரம் நின்ற முடக்கு. இரண்டு வருடங்களுக்கு முன் யாரோ ஒருவர் அந்த வளைவைச் சுற்ற மனமில்லாமல் நேராகத் தேயிலைக்குள் இறங்கினார். அடுத்தவர் அந்த அடிச்சுவட்டைப் பார்த்து இறங்கினார். முதலில் புல் போயிற்று, பிறகு தேயிலைத் தூரின் வேர் வெளியே தெரிந்தது. அதைவிட மோசம், குறுக்கே போன கானின் கரை மிதிபட்டு உடைந்துவிட்டது. மழைநீர் சரிவில் நேராக ஓடாமல் பக்கவாட்டில் திருப்பி விடத்தானே கான் வெட்டுகிறோம்? இப்போது அந்த மலையின் தண்ணீரெல்லாம் குறுக்குப் பாதையையே வாய்க்காலாக்கிக்கொண்டு பாய்கிறது. சென்ற ஐப்பசி மழைக்குப் பிறகு நான் அதில் இறங்கி நின்று பார்த்தேன். முழங்கால் வரை ஆழம். 2014இல் மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை, நம் தொழிலாளர் வரிசை வீடுகளை, மூடியதைக் கண்ட நமக்கு, மலைமேல் தண்ணீர் தடம் மாறி ஓடுவது சின்ன விஷயமாகத் தோன்றுமா?

இன்னொரு காட்சியையும் சொல்கிறேன். பங்குனி மாதம் ஒரு மாலை, கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்கள் மலைத்தண்ணீர் விழும் பீலியில் குளிக்கவும் தண்ணீர் பிடிக்கவும் வாளிகளோடு வந்தார்கள். வழிகாட்டி ஒருவர் அழைத்து வந்த ஏழெட்டுப் பேர் அங்கே சப்பாத்துச் சேற்றைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்கள். நல்ல பிள்ளைகள்தான், சிரித்து வணக்கமும் சொன்னார்கள். ஆனால் அது குளியலறையும் சமையலுக்கான தண்ணீருமாக இருக்கும் இடம் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. ஒருவர் கேமராவைத் தூக்கினார். பெண்கள் வாளிகளை வைத்துவிட்டு லயத்துச் சுவரோரம் திரும்பி நின்றார்கள், அவர்கள் போகும் வரை, ஏறக்குறைய அரைமணி நேரம். வயதில் மூத்தவளான என் அண்ணி மட்டும் 'மாஸ்டர், இது ரோடா, எங்க வீடா?' என்று என்னைக் கேட்டாள். அப்போது என்னிடம் பதில் இருக்கவில்லை.

உலகில் பல இடங்களில் எண்ணிக்கையை வரையறுத்திருக்கிறார்கள். பெரு நாட்டில் மச்சு பிச்சுவுக்குப் போகும் இன்கா பாதையில் சுமைகாரர்களையும் சேர்த்து ஒரு நாளைக்கு 500 பேர். ஆண்டுதோறும் பெப்ரவரியில் பாதையை மூடிப் பழுது பார்க்கிறார்கள். நியூசிலாந்தின் மில்போர்டு பாதையில் நடைபருவத்தில் சொந்தமாக நடக்கிறவர்கள் நாளுக்கு 40 பேர், அதுவும் ஒரே திசையில். உங்கள் நீலகிரியிலும் நீதிமன்றம் தலையிட்டு வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று அளவு வைத்ததை நீயே எழுதியிருந்தாய். சாலைகள் திணறிய பிறகுதான் அந்த அளவு வந்தது என்று வருந்தியிருந்தாய். நமக்கு இன்னும் காலம் இருக்கிறது. காட்டுக்குள் போகும் பாதைக்குக் காட்டின் தாங்குதிறனை அளந்தால் போதும். இந்தப் பாதை வாசல்களின் வழியே போகிறது. எத்தனை பேர், எந்த நேரத்தில், எந்தப் பீலியைத் தவிர்த்து என்பதையெல்லாம் அந்தந்த லயத்துச் சனங்களைக் கோயில் முற்றத்தில் உட்கார வைத்துக் கேட்டுத்தான் தீர்மானிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். மாலை நான்கு மணிக்குப் பிறகு லயத்துக்குள் யாரும் நடக்க வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் அதுவே விதியாகட்டும்.

இயற்கை நமக்கு ஒரு வசதியும் செய்து வைத்திருக்கிறது. ஹட்டன் பக்கத்தில் வைகாசி முதல் மழை கொட்டும்போது ஹப்புத்தளை இருக்கும் நம் ஊவாப் பக்கம் வெயிலும் காற்றுமாக இருக்கும். இங்கே ஐப்பசி, கார்த்திகையில் அடித்து ஊற்றி ஓய்ந்தபின் தை, மாசியில் அந்தப் பக்கம் நன்றாகக் காயும். மழைக்காலத்தில் ஒரு பக்கத்தை ஓய விட்டு, நடப்பவர்களை மறுபக்கம் திருப்பினால், ஈர மண்ணும் மிதிபடாது, வருமானமும் நின்றுபோகாது.

வருமானத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் கடிதம் பாதிதான். 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்றார்கள். நடக்க வருகிறவர் ஓர் இரவு தங்குவதற்குக் கொடுப்பது அதைப்போலப் பல மடங்கு. அதெல்லாம் டவுனுக்குத்தான் போகிறது. வீட்டுக்கும் நிலத்துக்கும் உறுதிப் பத்திரம் இல்லாத லயத்துக் குடும்பம் ஒரு காம்பராவைச் சுத்தம் செய்து விருந்தினருக்கு விட முடியுமா? நிர்வாகம் அனுமதிக்க வேண்டும், அனுமதித்தாலும் அது அவர்களுடைய வீடு ஆகாது. இந்தப் பாதையை உருவாக்க ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்க உதவி நிறுவனமும் பணம் கொடுத்தன. அதில் இரண்டாவது இந்த வருடம் மூடப்பட்டுவிட்டது. வெளிநாட்டுப் பணம் வரும், போகும். முடக்கில் உடைந்த கானைக் கட்டப் போகிறவர்கள் இங்கே இருக்கிறவர்கள்தான், அவர்களுக்குக் கூலி கொடுத்துக் கட்டச் சொல்ல வேண்டும். எங்கள் தோட்டத்து இளைஞர்கள் நான்கு பேர் வழிகாட்டிகளாகப் பழகி வருகிறார்கள். அவர்களோடு ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் நடந்து, எந்த மலைக்கு என்ன பெயர், எங்கே பழைய காமன் கூத்துப் பொட்டல், எங்கே குறுக்கே இறங்கக் கூடாது என்று சொல்லிக் கொடுக்கிறேன்.

பேரனை அனுப்பு. இந்தப் பக்கம் நடப்பதென்றால் வருகிற ஆடி, ஆவணியில் வரட்டும். சனி, ஞாயிறு வேண்டாம். எல்லவில் தங்குவதும் வேண்டாம். சவர்க்காரத்தைப் பையிலேயே வைத்திருக்கட்டும். குளிக்க வெந்நீர் என் வீட்டில் இருக்கிறது. உன் தாத்தா வெட்டிய ரோட்டில் அவனோடு நான் நடக்கிறேன். சவுக்கு மரத்து முடக்கில் அந்தப் பள்ளத்தின் வாயில் கல் அடுக்கி அடைக்க முடிவு செய்திருக்கிறோம், அதற்குள் முடியாவிட்டால் அவனும் கல் தூக்கலாம். எந்தத் தேதி என்று முன்கூட்டியே எழுது.

மாறாத அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்,
இராமையா